ஒரு நகரம், இரண்டு ஆட்சியுரிமைகள்: சென்னை – மயிலாப்பூர்க் கத்தோலிக்க வரலாற்றில் இறைமக்களின் கோவில் தேர்வு (1606–1952)

ஆய்வுச் சுருக்கம்

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டமரபில் ஒருவர் எந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்பதை அவர் வாழும் இடமே தீர்மானிக்கிறது. அவர் தம் விருப்பப்படி பங்கைத் தேர்ந்துகொள்வதற்கு அம்மரபு இடம் வைக்கவில்லை. ஆனால் சென்னையில் போர்த்துக்கேய அரசரின் ஆதரவுரிமைக்கு உட்பட்ட மயிலாப்பூர் மறைமாவட்டமும், உரோமையின் நேரடி ஆளுகைக்கு உட்பட்ட மதராசு மறைப்பணித்தளமும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அருகருகே இயங்கின. இரண்டும் சட்ட உரிமை கோரிய நிலையில், எந்தக் கோவிலுக்குச் செல்வது என்ற முடிவு இறைமக்களிடம் வந்து சேர்ந்தது. சட்டம் ஏற்காத இத்தேர்வே பின்னர் 1857, 1886 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளில் எல்லை வகுக்கும் அளவுகோலாக மாறியது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பதுருவாதோ, பிரொப்பகாந்தா, மயிலாப்பூர் மறைமாவட்டம், சாந்தோம், ஆட்சியுரிமை, பங்கு, இரட்டை ஆட்சியுரிமை.

முன்னுரை

தமிழகக் கிறித்தவ வரலாறு பெரும்பாலும் மறைப்பணியாளர்களின் வரலாறாகவோ, அவர்கள் ஆக்கிய அச்சு, அகராதி, கல்வி ஆகியவற்றின் வரலாறாகவோ எழுதப்பட்டுள்ளது. சாதிக்கும் திருச்சபைக்கும் இடையிலான உறவு பற்றிய ஆய்வுகளும் கணிசமாக உள்ளன. இவற்றோடு ஒப்பிடும்போது, ஓர் எளிய இறைமகன் தன் ஆயர் யார், தன் பங்குக் குரு யார் என்பதை எவ்வாறு அறிந்துகொண்டான் என்ற கேள்வி குறைவாகவே கவனம் பெற்றுள்ளது. வழக்கமான சூழலில் அக்கேள்வி எழுவதே இல்லை. பிறந்த ஊரின் கோவிலே அவனது கோவில். அக்கோவிலின் குருவே அவனது குரு. இரண்டு அதிகாரங்கள் ஒரே நிலப்பரப்பில் உரிமை கொண்டாடும்போதுதான் அது உயிருள்ள கேள்வியாகிறது. சென்னையில் அது பல தலைமுறைகளுக்கு உயிருடன் இருந்தது.

இப்பூசலைக் குறிக்க 'கோவாப் பிளவு' என்னும் தொடர் பழைய நூல்களில் வழங்குகிறது. அத்தொடர் ஒரு தரப்பார் மறுதரப்பாருக்கு இட்ட பெயராகும். ஆதலின் இக்கட்டுரையில் 'இரட்டை ஆட்சியுரிமை' என்னும் நடுநிலைச் சொல்லே ஆளப்படுகிறது.

1. இடமும் ஆட்சியுரிமையும்

ஒரு நகருக்கு ஓர் ஆயரே இருத்தல் வேண்டும் என்பது திருச்சபையின் தொன்மையான நெறி. கி.பி. 325-இல் கூடிய நீசேயா பொதுச்சங்கத்தின் எட்டாம் விதி இக்கருத்தை உள்ளடக்கியது. 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், ஒரே மறைமாவட்டத்தில் இரு ஆயர்கள் இருப்பதைப் பல தலைகள் கொண்ட உடலுக்கு ஒப்பிட்டுத் தடைசெய்தது. அதே சங்கம், ஒவ்வொரு கிறித்தவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் 'சொந்தக் குரு'விடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றும் விதித்தது. சொந்தக் குரு யார் என்பது ஐயத்திற்கு இடமற்றது என்ற எண்ணமே இவ்விதியின் அடித்தளம்.

திரிதெந்து பொதுச்சங்கம் (1545–1563) இந்நெறியை மேலும் இறுக்கியது. குருத்துவ ஆற்றல் வேறு, ஆட்சியுரிமை வேறு என்னும் பகுப்பு இங்கு இன்றியமையாதது. முறைப்படி திருநிலைப்படுத்தப்பட்ட குரு எங்கே திருப்பலி நிறைவேற்றினாலும் அது உண்மையான திருப்பலியே. ஆனால் பாவமன்னிப்பு வழங்குவதற்குக் குருத்துவ ஆற்றல் மட்டும் போதாது. மன்னிப்புப் பெறுபவர்மீது ஆட்சியுரிமையும் வேண்டும். அவ்வுரிமை இல்லாதவர் வழங்கும் மன்னிப்புச் செல்லாது என 1551-இல் அச்சங்கம் அறிவித்தது. 1563-இல் வெளியான திருமண ஆணை, பங்குக் குருவோ அவரது அனுமதி பெற்ற குருவோ, இரு சாட்சிகளோ இல்லாமல் நடைபெறும் திருமணம் செல்லாது என்றது. அவ்வாணை முறைப்படி அறிவிக்கப்பட்ட பங்குகளில் மட்டுமே அது நடைமுறைக்கு வந்தது.

ஆகவே தவறான கோவிலுக்குச் செல்லுதல் என்பது ஒழுங்கு மீறல் என்ற அளவில் நின்றுவிடவில்லை. திருமுழுக்கை எவர் அளித்தாலும் அது செல்லும். மரணத் தறுவாயில் எந்தக் குருவும் பாவமன்னிப்பு அளிக்கலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வாழ்நாளில் பாவசங்கீர்த்தனமும் திருமணமும் குருவின் ஆட்சியுரிமையைச் சார்ந்திருந்தன. இவை இரண்டும் ஆன்ம மீட்பையும் குடும்பத்தின் மதிப்பையும் நேரடியாகத் தொடுவன. பின்னாளில் சென்னையில் எழுந்த பூசலின் கூர்மையை உணர இச்சட்டப் பின்புலம் தேவை.

2. சாந்தோம்: அரசரின் ஆதரவுரிமை

புனித தோமாவின் கல்லறை எனப் போற்றப்பட்ட இடத்தில் போர்த்துக்கேயர் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவில் எழுப்பினர். அதனைச் சூழ்ந்து வளர்ந்த குடியிருப்பே சாந்தோம். புதிய நாடுகளில் கோவில்கள் கட்டுதல், குருக்களை அனுப்புதல், அவர்களுக்கு ஊதியம் வழங்குதல் ஆகிய கடமைகளைப் போர்த்துக்கேய அரசர் ஏற்றார். அதற்கு ஈடாக ஆயர்களை முன்மொழியும் உரிமையைத் திருத்தந்தையர் அவருக்கு வழங்கினர். பதுருவாதோ எனப்படும் ஆதரவுரிமை இதுவே.

கோவா மறைமாவட்டம் 1534-இல் நிறுவப்பெற்று 1558-இல் உயர்மறைமாவட்டமாயிற்று. அதே ஆண்டில் கொச்சி மறைமாவட்டம் உருவானது. திருத்தந்தை ஐந்தாம் பவுல் 1606 சனவரி 9 அன்று கொச்சியிலிருந்து பிரித்து மயிலாப்பூர்ப் புனித தோமா மறைமாவட்டத்தை நிறுவினார். அகுஸ்தீன் சபைத் துறவியான செபஸ்தியான் தெ சான் பெத்ரோ அதன் முதல் ஆயர். சோழமண்டலக் கடற்கரை மட்டுமன்றி வங்காளம், பெகு ஆகிய தொலைநாடுகளும் அவரது ஆளுகைக்குள் வைக்கப்பட்டன.

இந்தப் பரப்புக்கும் போர்த்துக்கேயரின் உண்மையான ஆற்றலுக்கும் தொடர்பே இல்லை. சாந்தோம் நகரமே கோல்கொண்டா, பிரெஞ்சு, டச்சுப் படைகளின் கைகளில் மாறி மாறிச் சிக்கி, 1749-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அரசருக்கு நிலம் இல்லாத ஊரில் அவர் முன்மொழிந்த ஆயர் ஆட்சி செய்தார். ஆயரின் அதிகாரம் நிலத்தைச் சார்ந்ததா, அரசரின் பெயரைச் சார்ந்ததா என்ற ஐயம் இங்கே தொடங்குகிறது.

3. கோட்டைக்குள் மற்றொரு பீடம்

1622-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் மறைபரப்புப் பேராயத்தை நிறுவினார். பிரொப்பகாந்தா என வழங்கும் இப்பேராயத்தின் நோக்கங்களுள் ஒன்று, மறைபரப்பை அரசர்களின் கையிலிருந்து உரோமையின் கைக்குக் கொணர்வதாகும். இதற்குப் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் சாந்தோமுக்கு வடக்கே புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தது.

கோட்டையில் குடியேறிய போர்த்துக்கேயரும் கலப்பினத்தாரும் கத்தோலிக்கர். திருப்பலிக்காக அவர்கள் சாந்தோமுக்குச் சென்றுவருவதைக் கும்பினி அதிகாரிகள் விரும்பவில்லை. வணிகத்துக்கும் காவலுக்கும் அம்மக்கள் தேவைப்பட்டனர். ஆனால் அவர்களின் மனச்சான்று போட்டி வல்லரசின் குருக்கள் கையில் இருந்தது. 1642-இல் பெகுவுக்குச் செல்லும் வழியில் மதராசுக்கு வந்த பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி எஃப்ரேம் தெ நெவேர், இங்கேயே தங்குமாறு வேண்டப்பட்டார். பிரொப்பகாந்தா அவரது பணித்தளத்திற்கு ஒப்புதல் அளித்தது. புராட்டஸ்தாந்து வணிகர்களின் அழைப்பும் உரோமையின் ஒப்புதலும் இணைந்து, மயிலாப்பூர் ஆயரின் எல்லைக்குள் அவர் ஆளாத ஒரு பீடத்தை உருவாக்கின.

சாந்தோம் இதனைப் பொறுக்கவில்லை. 1649-இல் எஃப்ரேம் அங்குப் பிடிக்கப்பட்டுக் கோவாவின் விசாரணை மன்றத்திடம் அனுப்பப்பட்டார். பின்னர் விடுதலையாகி மதராசுக்குத் திரும்பி நெடுங்காலம் பணியாற்றினார். கோட்டைக்குள் 1675-இல் புனித அந்திரேயா கோவில் எழுந்தது.

18-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு – ஆங்கிலப் போர்கள் இந்த ஏற்பாட்டைக் குலைத்தன. 1746-இல் பிரெஞ்சுக்காரர் மதராசைக் கைப்பற்றினர். 1749-இல் அது ஆங்கிலேயருக்குத் திரும்பியது. கத்தோலிக்கக் குருக்கள் பிரெஞ்சாருக்கு உதவினர் என்ற ஐயத்தால் கோட்டைக்குள் இருந்த கோவில் பறிக்கப்பட்டு இடிக்கப்பட்டது. வேப்பேரியில் இருந்த சிற்றாலயம் புராட்டஸ்தாந்து மறைப்பணியாளரான பப்ரீசியசிடம் ஒப்படைக்கப்பட்டது. கப்புச்சின் துறவியரின் மையம் கருப்பர் நகரத்தின் ஆர்மேனியன் தெருவுக்கு மாறியது. ஒரு கோவிலில் எந்த மரபின் வழிபாடு நடக்கும் என்பதை ஆயரின் ஆணைக்கு நிகராக ஆளுநரின் ஆணையும் தீர்மானித்தது என்பதற்கு இந்நிகழ்வுகள் சான்று. பம்பாயிலும் இதே நிலைதான். அங்குக் கும்பினி 1720-இல் போர்த்துக்கேயக் குருக்களை வெளியேற்றிக் கார்மெல் சபையாரிடம் கோவில்களை அளித்தது. 1794-இல் கோவில்களை இரு தரப்பாருக்கும் பங்கிட்டது.

4. 1838-ஆம் ஆண்டின் ஆணை

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாப்பூர்ப் பீடம் நெடுங்காலம் ஆயரின்றி நிர்வாகிகளின் பொறுப்பில் இருந்தது. 1834-இல் போர்த்துக்கல் அரசு துறவற சபைகளைக் கலைத்தது. உரோமையுடன் அதன் தூதரக உறவும் முறிந்தது. இந்த இடைவெளியில் உரோமை மதராசுக்குத் திருத்தந்தையின் பதிலாளாக ஆளும் ஓர் ஆயரை நியமிக்க முடிவு செய்தது. அயர்லாந்து அகுஸ்தீன் துறவியான தானியேல் ஓ கானர் 1834-இல் நியமனம் பெற்றார். கும்பினிப் படையில் அயர்லாந்துக் கத்தோலிக்க வீரர் பலர் இருந்தமையும், ஆங்கில அரசின் குடிமகனான ஆயரை அரசு ஐயுறாது என்பதும் இத்தேர்வுக்குத் துணைநின்றன.

1838 ஏப்ரல் 24 அன்று திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் வெளியிட்ட 'முல்த்தா பிரெக்ளாரே' என்னும் ஆணை, மயிலாப்பூர், கொச்சி, கிராங்கனூர் ஆகிய மறைமாவட்டங்களில் ஆங்கிலேய ஆட்சிக்குட்பட்ட பகுதிகளைத் திருத்தந்தையின் பதிலாளரிடம் ஒப்படைத்தது. சட்டப்படி அன்றே இரட்டை நிலை முடிந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. சாந்தோம் குருக்களும் கோவா உயர்மறைமாவட்டத்தாரும் ஆணையை ஏற்க மறுத்தனர்.

அவர்களது வாதம் எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. ஆதரவுரிமையை வழங்கிய பழைய ஆணைகளே, அரசரின் இசைவின்றி அவ்வுரிமையைக் குறைக்க இயலாது எனக் கூறியிருந்தன. அரசரின் ஒப்புதல் பெறாத திருத்தந்தை ஆணை போர்த்துக்கேயப் பீடங்களைக் கட்டுப்படுத்தாது என்பது அவர்கள் பயின்ற சட்டம். தாம் திருத்தந்தைக்குக் கீழ்ப்படிய மறுக்கவில்லை என்றும், திருத்தந்தையரே அளித்த உரிமையைக் காக்கிறோம் என்றும் அவர்கள் கருதினர். மறுதரப்பார், கடமையை நிறைவேற்றாத புரவலருக்கு உரிமை நிலைக்காது என்றனர். தாம் ஆளாத நாட்டில் போர்த்துக்கல் அரசி ஆயரை முன்மொழிவது பொருளற்றது என்றும் வாதிட்டனர். 1853-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் 'புரோபே நோஸ்திஸ்' மடலின் வாயிலாகப் பம்பாய்ப் பகுதியில் எதிர்த்துநின்ற குருக்களைக் கண்டித்தார். அப்போதும் பூசல் ஓயவில்லை.

5. இறைமக்களின் முன் நின்ற கேள்வி

சாந்தோமின் மீனவக் குடும்பத்துக்கோ, இலஸ் கோவிலில் தலைமுறைகளாக மணமுடித்த இல்லத்துக்கோ இலத்தீன் ஆணைகள் நேரடியாக எட்டவில்லை. அவை குருக்களின் வாய்மொழியாகவே எட்டின. தம் பெற்றோருக்குத் திருமணம் நடத்திய கோவிலின் குருவுக்கு இனி அதிகாரம் இல்லை என்று ஒருவர் சொன்னார். அவ்வாறு சொல்பவருக்கே அதிகாரம் இல்லை என்று மற்றவர் சொன்னார். இருவரும் முறைப்படி திருநிலை பெற்றவர்கள். இருவரும் ஒரே இலத்தீன் திருப்பலியை நிறைவேற்றினர். இருவரும் திருத்தந்தையின் பெயரைச் சொல்லி மன்றாடினர். கோட்பாட்டு வேறுபாடு எதுவும் இல்லாததால், கோட்பாட்டைக் கொண்டு தேர்வு செய்ய வழியில்லை.

தேர்வுக்கு வேறு அளவுகோல்கள் பயன்பட்டன. முதலாவது, முன்னோரின் கோவில். திருமுழுக்கு, கல்லறை, திருவிழாத் தேர், அன்னையின் திருவுருவம் ஆகியவற்றோடு பிணைந்த உறவை ஆணை ஒன்றால் மாற்ற இயலவில்லை. இரண்டாவது, குருவின் இனமும் மொழியும். பதுருவாதோ குருக்களில் பெரும்பாலோர் கோவாவில் பிறந்த இந்தியர். மறுபுறம் இருந்த ஆயர்களும் மறைப்பணியாளர்களும் ஐரோப்பியர். உள்நாட்டுக் குருக்களை உருவாக்குமாறு பிரொப்பகாந்தாவே 1845-இல் தனி அறிவுறுத்தலை வெளியிட்டது. இக்குறை உணரப்பட்டிருந்தமையை அது காட்டுகிறது. ஆங்கிலம் பேசிய படைவீரருக்கும் கலப்பினத்தாருக்கும் அயர்லாந்துக் குருக்கள் அணுக்கமாயினர். மூன்றாவது, சமூகத்தின் உரிமை. ராயபுரத்தில் புனித இராயப்பர் கோவிலைப் படகோட்டிச் சமூகத்தார் தம் உழைப்பாலும் பொருளாலும் எழுந்ததாகவே கருதினர். அதன் நிர்வாகத்தில் தமக்குள்ள உரிமையையும் தலைமுறைதோறும் வலியுறுத்தினர். இத்தகைய கோவில்களில் எந்த ஆயரை ஏற்பது என்பது தனியாளின் முடிவாக அமையாமல், ஊர்க்கூட்டத்தின் முடிவாக அமைவது இயல்பாயிற்று.

மனச்சான்றின் சுமை இவ்வளவுகோல்களால் குறையவில்லை. செய்த பாவசங்கீர்த்தனம் செல்லுமா, நடந்த திருமணம் செல்லுமா என்ற அச்சத்தைத் தேர்ந்தெடுத்த கோவிலே தீர்த்துவைக்க வேண்டியிருந்தது. மக்கள் பொதுவாக ஒருவரைத் தம் முறையான குரு எனத் தவறாக நம்பிச் செல்லும்போது ஆட்சியுரிமைக் குறையைத் திருச்சபையே நிரப்பும் என்பது இறையியலாரிடையே வழங்கிய கொள்கை. எளிய மக்களின் நம்பிக்கையையே சட்டத்தின் ஓட்டையை அடைக்கும் பொருளாகக் கொள்ளும் இக்கொள்கை கவனத்திற்குரியது. ஆனால் ஐயம் விதைக்கப்பட்ட இடத்தில் அக்கொள்கையால் முழு ஆறுதல் தர இயலாது. நம்பியவர் தவறுணர்வில் இருந்தார் எனலாம். எச்சரிக்கப்பட்டவரை அவ்வாறு சொல்ல முடியாது.

6. கோவில் என்னும் உடைமை

பூசல் முற்றியபோது அது நீதிமன்றத்துக்கும் காவல் அதிகாரிக்கும் சென்றது. ஆங்கிலேய நீதிமன்றங்கள் யார் உண்மையான ஆயர் என்ற வினாவைச் சமய வினாவாகத் தீர்க்க முன்வருவதில்லை. கோவில் யார் வசம் உள்ளது, அது எந்த நோக்கத்திற்காக அமைக்கப்பட்டது, பொறுப்பாளர் யார் என்பவற்றையே அவை வினவின. சொத்துரிமையோ பதவியுரிமையோ வழக்கிடப்படும்போது, அது சமயச் சடங்கு பற்றிய வினாவை முழுதும் சார்ந்திருந்தாலும் உரிமையியல் வழக்கே என்னும் நெறி பின்னர் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவிலும் இடம்பெற்றது.

இந்த அணுகுமுறை ஒரு முக்கியமான விளைவை உண்டாக்கியது. திருச்சபைச் சட்டத்தில் அதிகாரம் மேலிருந்து இறங்குகிறது: திருத்தந்தை, ஆயர், குரு, இறைமக்கள். நீதிமன்றத்தில் அதிகாரம் கீழிருந்து எண்ணப்பட்டது: கோவிலைக் கையில் வைத்திருப்பவர், அதைப் பயன்படுத்தும் மக்கள், அவர்களது நெடுநாள் வழக்கம். திறவுகோல் எவரிடம் இருக்கிறதோ அவர் பக்கமே சட்டத்தின் தொடக்கநிலை ஆதரவு அமைந்தது. 1853-இல் பம்பாயின் மாகிம் பகுதியில் ஆயர் ஹார்ட்மன் கோவிலுக்குள்ளேயே முற்றுகையிடப்பட்டு இருந்த நிகழ்ச்சி, கோவிற்கட்டடத்தைக் கையில் வைத்திருத்தல் எவ்வளவு முதன்மை பெற்றிருந்தது என்பதை உணர்த்தும்.

7. உடன்படிக்கைகள்: தேர்வே எல்லையாதல்

1857 பிப்ரவரி 21 அன்று உரோமைக்கும் போர்த்துக்கலுக்கும் இடையே உடன்படிக்கை கையெழுத்தானது. ஆதரவுரிமை கொள்கையளவில் ஏற்கப்பட்டு, மறைமாவட்ட எல்லைகள் பின்னர் வரையறுக்கப்படும் என முடிவாயிற்று. அவ்வரையறை முழுமையாக நடைபெறவில்லை. இடைக்கால ஏற்பாடாக, எந்தக் கோவில் எந்த அதிகாரத்தை அப்போது ஏற்றிருந்ததோ அந்த நிலையே தொடர விடப்பட்டது.

இதன் பொருள் ஆழமானது. 1838-இல் உரோமை ஒரே அதிகாரத்தை அறிவித்தது. அதை ஏற்காத மக்கள் ஒழுங்கை மீறியவர்களாகக் கருதப்பட்டனர். இப்போது அந்த மறுப்பின் விளைவாக உருவான நிலவரமே சட்டத்தின் தற்காலிக எல்லையாயிற்று. ஒவ்வொரு கோவிலின் மக்களும் குருவும் எடுத்த முடிவுகளை ஒன்றாகக் கூட்டினால் கிடைக்கும் வரைபடமே மறைமாவட்டத்தின் வரைபடமானது. தேர்வு செய்யும் உரிமை எவருக்கும் வழங்கப்படவில்லை. செய்த தேர்வு மட்டும் ஏற்கப்பட்டது.

1886 சூன் 23-இன் உடன்படிக்கை இதனை நிலைப்படுத்தியது. மயிலாப்பூர் மறைமாவட்டம் கோவாவின் கீழ் மீண்டும் முறைப்படி அமைந்தது. சாந்தோமைச் சூழ்ந்த பகுதியும் தொலைவில் தஞ்சை – நாகப்பட்டினப் பகுதியும் அதன் நிலங்களாயின. இவற்றுக்கு வெளியே, பிற மறைமாவட்டங்களின் நடுவே அமைந்த சில கோவில்களும் மக்களும் அதற்கு உரியவராகத் தொடர்ந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் இந்தியத் திருச்சபையின் ஆட்சியமைப்பை நிறுவியபோது, மதராசு உயர்மறைமாவட்டமாகி யோசேப்பு கொல்கன் அதன் முதல் பேராயரானார். மயிலாப்பூரின் ஆயராக என்ரிக்கே யோசே ரீது த சில்வா பொறுப்பேற்றார். அவர் காலத்தில் எழுப்பப்பட்டு 1896-இல் நிறைவுற்ற கோதிக் பாணிக் கோவிலே இன்று சாந்தோம் கடற்கரையில் நிற்பது. ஆர்மேனியன் தெருவின் புனித மரியன்னை பேராலயமும் சாந்தோம் பேராலயமும் ஒரே நகரின் இரு ஆயர் கோவில்களாயின. நீசேயா நெறியும் இலாத்தரன் விதியும் தடுத்த நிலை, உரோமையே ஒப்பமிட்ட ஏற்பாடாயிற்று.

8. ஒன்றிணைப்பும் மற்றொரு முன்மாதிரியும்

1910-இல் போர்த்துக்கல் குடியரசாகியது. திருச்சபையை அரசிலிருந்து பிரித்த அக்குடியரசும் கீழ்த்திசையில் ஆதரவுரிமையைக் கைவிடவில்லை. 1928-இன் உடன்பாடு இரட்டை ஆட்சியுரிமையை முடிவுக்குக் கொணர வழிசெய்தது. ஆயினும் மயிலாப்பூருக்குப் போர்த்துக்கேய ஆயர் வருவது தொடர்ந்தது. இந்திய விடுதலைக்குப் பின் 1950 சூலை 18 அன்று போர்த்துக்கல் மயிலாப்பூர் உள்ளிட்ட மறைமாவட்டங்களில் தன் முன்மொழிவுரிமையைத் துறந்தது. 1952 நவம்பர் 13 அன்று இரு மறைமாவட்டங்களும் மதராசு – மயிலாப்பூர் உயர்மறைமாவட்டமாக இணைந்தன. சலேசிய சபையைச் சேர்ந்த லூயி மத்தியாஸ் அதன் முதல் பேராயர். சாந்தோம் தலைமைப் பேராலயமாகவும், ஆர்மேனியன் தெருக் கோவில் இணைப் பேராலயமாகவும் அமைந்தன. தஞ்சாவூரும் வேலூரும் அப்போது தனி மறைமாவட்டங்களாயின.

இவ்விணைப்பில் கோவில்தோறும் மக்களின் இசைவு கேட்கப்படவில்லை. இதை அதே நகரில் ஐந்தாண்டுகளுக்கு முன் நடைபெற்ற மற்றோர் ஒன்றிணைப்போடு ஒப்பிடுதல் பயனுடையது. 1947 செப்டம்பர் 27 அன்று, கதீட்ரல் சாலையிலுள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மரபினர் இணைந்து தென்னிந்தியத் திருச்சபையை உருவாக்கினர். ஆயர் திருநிலைப்பாடு பெறாத போதகர்களை ஏற்பது அங்கு எழுந்த சிக்கல். எந்தச் சபையார்மீதும் அவர்கள் மனச்சான்றால் ஏற்க இயலாத வழிபாட்டு முறையையோ ஊழியத்தையோ சுமத்துவதில்லை என்னும் உறுதிமொழி அத்திருச்சபையின் அமைப்புச் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. கத்தோலிக்க மரபு நடைமுறையில் ஏற்று எழுத்தில் ஏற்காததை, புராட்டஸ்தாந்து மரபு எழுத்திலேயே ஏற்றது. முன்னதில் ஒற்றுமை அதிகாரத்திலிருந்து தொடங்குகிறது. பின்னதில் இசைவிலிருந்து தொடங்குகிறது. முன்னது மக்களின் எதிர்ப்பை நூறாண்டுக்கு மேல் சுமந்தது. பின்னது வேறுபட்ட ஊழிய முறைகளைத் தனக்குள்ளேயே சுமக்க நேர்ந்தது.

9. இன்றைய விதி

1983-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு பழைய நெறியைத் தொடர்கிறது. 518-ஆம் விதிப்படி பங்கு பொதுவாக நிலஎல்லை கொண்டது. மொழி, வழிபாட்டு மரபு, நாட்டினம் ஆகியவற்றின் அடிப்படையில் ஆள்சார் பங்குகளும் அமைக்கப்படலாம். நிலையாகத் தங்கும் நோக்கத்தோடு வாழ்வதாலோ, ஐந்தாண்டுகள் முழுமையாக வாழ்வதாலோ உறைவிடம் உண்டாகிறது (விதி 102). உறைவிடத்தால் ஒருவர் தம் பங்குக் குருவைப் பெறுகிறார் (விதி 107). அதே வேளையில், ஞாயிறு திருப்பலிக் கடமையை எந்தக் கத்தோலிக்கக் கோவிலிலும் நிறைவேற்றலாம் (விதி 1248). சேர்ந்திருத்தல், சென்றுவருதல் என்னும் இரண்டையும் சட்டம் பிரித்து வைக்கிறது.

20-ஆம் நூற்றாண்டில் விரிந்த தியாகராய நகர், அடையாறு போன்ற குடியிருப்புகளில் பல ஊர்களிலிருந்து வந்த கத்தோலிக்கர் குடியேறினர். அவர்களுக்கு முன்னோர் கட்டிய கோவில் என்று அருகில் எதுவும் இல்லை. முகவரியே அவர்களது பங்கைத் தீர்மானித்தது. ஆயினும் இலஸ் அன்னை கோவிலுக்கும், சாந்தோம் கல்லறைக்கும், பெசன்ட் நகர் வேளாங்கண்ணி அன்னை திருத்தலத்துக்கும் நகரெங்குமிருந்து மக்கள் செல்கின்றனர். முற்காலத்தில் ஆட்சியுரிமைப் பூசலாக வெடித்த பற்று, இன்று பக்திப் பயணமாக அமைதியடைந்துள்ளது. ஒரே ஆயர் இருப்பதாலேயே இந்த அமைதி இயல்கிறது.

முடிவுரை

சென்னை – மயிலாப்பூர் வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, இரட்டை ஆட்சியுரிமை மக்களின் கீழ்ப்படியாமையால் தோன்றியதன்று. திருத்தந்தையர் வெவ்வேறு காலங்களில் வழங்கிய இரு உரிமைகள் மோதியதால் தோன்றியது. அதன் சுமையை மட்டும் மக்கள் தாங்கினர். இரண்டாவது, கோட்பாட்டு வேறுபாடற்ற சூழலில் கோவில் தேர்வு முன்னோர் வழி, குருவின் இனமொழி, சமூக உரிமை ஆகியவற்றால் அமைந்தது. இதனை வெறும் கட்சிப்பற்று எனக் கொள்வது, பாவமன்னிப்பும் திருமணமும் செல்லுமா என்று அஞ்சி வாழ்ந்தவர்களின் மனச்சான்றைக் காணத் தவறுவதாகும். மூன்றாவது, அதிகாரம் மேலிருந்து வழங்கப்படினும் அது செயற்படுவதற்குக் கீழிருந்து ஏற்கப்பட வேண்டியிருந்தது. 1838-இன் ஆணை ஏற்கப்படாத இடங்களில் செயலற்றுப்போனதும், அந்த ஏற்பும் மறுப்புமே 1857-இலும் 1886-இலும் எல்லைகளாக வரையப்பட்டதும் இதற்குச் சான்றுகள்.

பங்குப் பதிவேடுகளில் உள்ள திருமுழுக்கு, திருமணப் பதிவுகளை இக்கண்ணோட்டத்தில் ஒப்பிட்டு ஆராய்ந்தால், ஒரே குடும்பத்தின் அடுத்தடுத்த தலைமுறைகள் எந்த அதிகாரத்தின்கீழ் பதியப்பட்டன என்பதைத் தொடர்ந்து காண இயலும். ஆயர்களின் மடல்களிலும் அரசுகளின் உடன்படிக்கைகளிலும் பெயரின்றி நிற்கும் மக்கள், அப்பதிவேடுகளில் தம் பெயரோடு நிற்கின்றனர். இரட்டை ஆட்சியுரிமையின் வரலாறு அவர்களிடமிருந்தும் எழுதப்பட வேண்டும்.